உப்புப் போடுகிறவரைத் திரும்பக் கூப்பிடு

ராசா,

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவேன். ஆபீசில் இருக்கிறேன், அப்புறம் படிக்கிறேன் என்று மூடி வைக்காதே. உட்கார்ந்து படி. இதில் கோபம் இருக்கிறது, அதைவிட அதிகமாகப் பயம் இருக்கிறது, அந்த இரண்டுக்கும் காரணமான பாசமும் இருக்கிறது. எது எந்த வரியில் தலைகாட்டும் என்று எனக்கே தெரியாது. நீதான் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் செல்வி வீடியோவில் கூப்பிட்டாள். உங்களுக்கு அது விடிகாலை. "அத்தை, இந்த வருசத்து மொதப் பனி, பாருங்க" என்று போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். இங்கே விருதுநகரில் மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வராமல் போன புழுக்கம். முந்தானையால் விசிறிக்கொண்டே உன் தெருவைப் பார்த்தேன். வாசல், கார், எதிர்வீட்டு வேலி எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் நீ, அந்த அகலமான ஷவலை வைத்துப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாய். செல்வி போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு, பிள்ளைக்குப் புதுசாக வாங்கிய குளிர் கோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவள் முதுகு ஜன்னல் பக்கம். என் கண் அவளுக்குப் பின்னால் உன்மேல்தான் இருந்தது. நீ நின்றாய். ஷவலைத் தரையில் ஊன்றினாய். இடது கையை நெஞ்சில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய். அப்புறம் யாராவது பார்க்கிறார்களா என்று ஜன்னல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாய். செல்வியின் முதுகு தெரிந்ததும் நிமிர்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி தள்ள ஆரம்பித்தாய்.

அப்படித் திரும்பிப் பார்த்தாயே, அதுதான் எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் செய்தது. வலி வருகிறவன் வலிக்கிறது என்று சொல்லுவான். வலியை மறைக்கிறவன்தான் முதலில் யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பான். போன தடவை சோதனை செய்தபோதே டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, குளிரில் பாரமான வேலை கூடாது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். செல்வி அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டாள். நேற்று நான் பார்த்ததை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்கிறேன். இந்த வாரத்துக்குள் நீ டாக்டரிடம் போய் வந்த செய்தி வரவில்லை என்றால் அவளிடம் சொல்லிவிடுவேன். அவள் போடுகிற சத்தத்துக்கு உன் தெருப் பனி தானாகவே உருகிவிடும், பார்த்துக்கொள்.

இப்போது டேவிட் விஷயத்துக்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் நான் அங்கே வந்து மூன்று மாதம் இருந்தேனே, அப்போது பனி தள்ள அவரை வேலைக்குப் பிடித்தது நான்தான். எதிர்வீட்டு வாசலில் வண்டியை வைத்து அவர் பனி தள்ளிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு மூலை விடாமல் தள்ளினார். வேலை முடிந்ததும் வண்டியைவிட்டு இறங்கி, ஓரத்தில் நின்ற சொச்சத்தைக் கையாலேயே ஒதுக்கினார். ஆள் சேர்ப்பதில் எனக்கு இருக்கிற பழக்கத்துக்கு இது போதும். செல்வியை அனுப்பிக் கூட்டிவரச் சொன்னேன். நீ சிரித்தாய். "யம்மா, இங்கன அப்படியெல்லாம் கிடையாதும்மா. போன்ல சொன்னாப் போதும், வந்து தள்ளிட்டுப் போயிருவாக" என்றாய். "போன்ல சொன்னா பனிதாம்லே போகும். ஆள் எப்படி நம்ம ஆளாகும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன்.

அந்த மனுஷன் பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து காப்பி குடித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த காராச்சேவை ஒரு தட்டில் வைத்தேன். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். அப்புறம் கையாலேயே பேசிக்கொண்டு அவரை வீட்டைச் சுற்றிக் கூட்டிப்போய்க் காட்டினேன். முன்வாசல், பக்கவாட்டு வாசல், சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற ஹீட்டர் குழாய், செல்வியின் செடிப் பாத்தி. பனிக்குள் பாதை எங்கே முடிகிறது என்று தெரிய அவரே இரண்டு பக்கமும் குச்சி நட்டார். பக்கவாட்டு வாசலை நீ பனி மூடவிட்டு வைத்திருந்தாய். "அங்கிட்டு யாரும் போறதில்லம்மா" என்று சொன்னாய். ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரன் மகன் பேசுகிற பேச்சா அது? நம் கம்பெனியில் எந்த ரூமுக்காவது ஒரே ஒரு வாசல் பார்த்திருக்கிறாயா? இருக்கிற வாசலில் எதன் முன்னாலாவது ஒரு பெட்டி வைக்க விட்டிருக்கிறோமா? டேவிட்டுக்கு அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாசலைப் பார்த்ததும் அவரே தலையை ஆட்டிக்கொண்டு தள்ள ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த உப்பு வருகிறவரை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். அவர் ஒரு வாளியிலிருந்து உப்பை அள்ளி உன் வாசற்படியில் வீசிக்கொண்டிருக்கிறார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நம் ஊரில் உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போடுகிறவர்கள் நாம். விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் உப்புக் கிடந்தது என்றால் நமக்கு அது என்ன அர்த்தம்? யாரோ நம் குடும்பத்துக்கு ஆகாததைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதானே. காராச்சேவு தின்ற மனுஷன் இப்படிச் செய்வாரா என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொள்கிறது. அவர் வண்டி தெருமுனை திரும்புகிறவரை பொறுத்திருந்தேன். வாளி நிறைய வெந்நீரைக் கொண்டுபோய் ஊற்றி, அந்த உப்பைச் சுத்தமாகக் கழுவிவிட்டேன். வெந்நீர் ஊற்றினால் பனி கரைந்துதானே போகும் என்பது என் கணக்கு. வாளி கையில் இருக்கும்போது வாசல் தெளிக்காமல் எப்படி வருவது? தெளித்தேன். அரிசி மாவில் சின்னதாக ஒரு கோலமும் போட்டேன். பிள்ளை வீடு இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

கொஞ்ச நேரத்தில் நீ ஆபீஸ் உடுப்பில் வெளியே வந்தாய். படியில் கால் வைத்தாய், அவ்வளவுதான். கோலத்தின்மேல் உட்கார்ந்தபடியே கார் வரைக்கும் போய்ச் சேர்ந்தாய். நான் ஊற்றிய தண்ணீர் அத்தனையும் கண்ணாடியாக உறைந்து கிடந்திருக்கிறது. பதறிப்போய் ஓடிவந்தால், நீ கீழே உட்கார்ந்து சிரிக்கிறாய். நீ சிரிப்பதைப் பார்த்து நானும் சிரிக்கிறேன். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. வழுக்காமல் இருக்கத்தான் உப்புப் போடுகிறார்கள் அத்தை என்று அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் மனசு கேட்கவில்லை. "வேற எதாச்சும் போடச் சொல்லுய்யா, உப்பு மட்டும் வேணாம்" என்று உன்னை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். நீயும் அம்மா ஊருக்குப் போகிறவரைதானே என்று டேவிட்டிடம் சொல்லிவிட்டாய்.

அதற்கு அவர் சொன்ன பதிலை நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய். உப்பு வேண்டாம் என்றால் படியை நான் தொடமாட்டேன், யாராவது விழுந்தால் நான்தானே பதில் சொல்ல வேண்டும், உங்களுக்கு எப்போது வேண்டுமோ அப்போது சொல்லி அனுப்புங்கள், வருகிறேன் என்றாராம். நியாயமாகப் பார்த்தால் அவர் கதவைச் சாத்தவில்லை. ஆனால் உனக்கு ரோஷம் வந்துவிட்டது. சொன்னதைச் செய்யத் தெரியாத ஆள் எதுக்கு என்று அன்றைக்கு ஷவலைக் கையில் எடுத்தவன் இன்னும் கீழே வைக்கவில்லை. நான் ஊருக்கு வந்தும் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. உப்புக்குத் தடை சொன்னவளே போய்விட்டாள், உன் ரோஷம் மட்டும் அங்கேயே உறைந்து கிடக்கிறது. அது உன் அப்பா வழிச் சொத்து, எனக்குத் தெரியாதா?

டேவிட் சொன்னது எனக்கு எப்போது உறைத்தது தெரியுமா? இந்தத் தீபாவளி சீசனில். எம். புதுப்பட்டியில் நம் கம்பெனியில் லோடு ஏற்ற வந்த ஒருவர் புதுசு. லாரி வரத் தாமதமாகிறது, பெட்டிகளை ஒரு மணி நேரத்துக்கு இந்த ரூம் வாசலில் அடுக்கிக்கிறேன் என்றார். கூடாது என்றேன். "என்னம்மா, ஒரு மணி நேரந்தான? எல்லாக் கம்பெனியிலயும் வைக்கத்தான செய்றாக. நீங்க மட்டும் ஏன் இம்புட்டுக் கண்டிசனா இருக்கீக?" என்று சலித்துக்கொண்டார். "வைக்கிறவுக வைக்கட்டும். இங்கன ஒண்ணு ஆனா நான்ல பதில் சொல்லணும்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. அது டேவிட் பேசிய பேச்சு. அவர் வேலையில் அவர் கண்டிப்பாக இருந்தார். அதே கண்டிப்பை உன் அப்பாவுக்குப் பிறகு இந்தக் கம்பெனியில் நான் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறேன். அவருடையதைப் பிடிவாதம் என்று நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது. அன்றைக்கே உன்னிடம் போனில் சொன்னேன், அவரைத் திரும்பக் கூப்பிடு என்று. நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "நாலடிப் பாதைக்கு ஒரு ஆளாம்மா?"

ராசா, அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் கிடைக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். காரணத்தை இப்போது சொல்கிறேன்.

உன் அப்பா கம்பெனி நடத்திய விதம் உனக்குத் தெரியும். வெடிமருந்து ரூம்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு ரூமில் இருக்கிறவருக்கு அடுத்த ரூமில் இருக்கிறவர் முகம் தெரியாது. அதனால் அவர் பாதையில் நடந்துகொண்டே ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று சத்தம் வர வேண்டும். ஒரு ரூமிலிருந்து சத்தம் வரவில்லை என்றால் மொத்த வேலையும் நிற்கும். வெற்றிலை போட்ட வாயோடு பதில் சொல்ல முடியாமல் தவித்த மாரியம்மாளுக்காக ஒரு நாள் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஆட்கள் முணுமுணுப்பார்கள். அவர் கேட்கமாட்டார். யாராக இருந்தாலும் தனியாக, குரல் எட்டாத இடத்தில் வேலை செய்யக் கூடாது என்பது அவர் சட்டம். மற்றவர்களுக்குத்தான் சட்டம்.

அவர் போன அன்று நீ அங்கே போய்ச் சேர்ந்த புதிது. தீபாவளி முடிந்து கம்பெனி லீவு. அந்த சீசனுக்குப் போக மிஞ்சிய காலி அட்டைப் பெட்டிக் கட்டுகள் குடோனில் கிடந்தன. வானம் கறுத்துக்கொண்டு வந்தது, கூரையில் ஒழுகல். வாட்ச்மேன் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். போர்மேன் பரமசிவம் அண்ணனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே என்ன சொன்னார் தெரியுமா? "நாலு கட்டை நகட்டி வைக்க ஒரு ஆளாக்கும்? பாவம், லீவுல கெடக்காக. நான் பாத்துக்கிடுதேன்." மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பரமசிவம் அண்ணன் போய்ப் பார்த்தபோது குடோன் வாசலில் கிடந்திருக்கிறார். மாரடைப்பு என்று உனக்குச் சொன்னோம், அது உண்மைதான். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பக்கத்தில் ஒருவர் இருந்து உடனே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இத்தனை பேருக்குக் குரல் கொடுத்த மனுஷனுக்குக் குரல் கொடுக்க அன்றைக்கு ஒருத்தரும் இல்லை. எனக்கு அவர்மேல் இன்னமும் அந்தக் கோபம் தீரவில்லை. நேற்று ஜன்னலுக்கு வெளியே நீ நின்ற நிலை அவர் நிற்பது மாதிரியே இருந்தது.

அதனால் நான் சொல்வதைக் கேள். முதலில் டாக்டர். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். டேவிட்டைக் கூப்பிட மெசேஜ் அனுப்பாதே, நேரில் போ. பனி கொட்டுகிற அன்றைக்குப் போகாதே. நம்மிடம் ஐப்பசியில் வந்து ஆள் கேட்டால் எப்படியிருக்கும் என்று யோசி. ஊரே கூப்பிடுகிற நேரத்தில் கூப்பிட்டால் எந்த மனுஷனும் வரமுடியாது. வானம் வெளுத்திருக்கிற ஒரு நாளாகப் பார்த்துப் போ. போகும்போது காராச்சேவு எடுத்துக்கொண்டு போ. இரண்டு பொட்டலம் பார்சலில் வருகிறது. ஒன்று அவருக்கு. இரண்டையும் நீயே தின்றுவிடாதே. தப்பு எங்கள்மேல், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல். அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா, எங்கள் அம்மா சொல்லச் சொன்னாள் என்று என் தலையில் போடு. உப்பு வேண்டாம் என்றவளே உப்போடு வரச்சொல்கிறாள் என்றால் அவர் சிரிப்பார். சிரித்துவிட்டார் என்றால் வந்துவிடுவார். வந்ததும் இரண்டு வாசலையும் காட்டு. வேலை முடிந்ததும் ஒரு வாய் காப்பி குடிக்கக் கூப்பிடு. அவருக்கு நேரம் இல்லை என்றால் பரவாயில்லை, கூப்பிட்டது அவருக்குத் தெரிந்தால் போதும். ஒரு ஆளை வைத்து வேலை வாங்குவது பெரிய மனுஷத்தனம் என்று நீ கூச்சப்படுகிறாய். நம் வீட்டுச் சோறு எத்தனை பேர் கை பட்டு வந்தது என்று உனக்கா சொல்ல வேண்டும்?

ஒன்று நினைவு வருகிறது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியைக் கழுவிவிட்டு, மருந்து ஒரு துளி இல்லாத அன்றைக்கு மட்டும்தான் உன் அப்பா உன்னை உள்ளே விடுவார். நீ ரூம் ரூமாக ஓடுவாய். அவர் பாதையில் நின்று, இல்லாத ஆட்கள் பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிடுவார். எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் நீதான் "இருக்கேம்ப்பா" என்று கத்துவாய். ஒரு தரம் வேண்டுமென்றே பேசாமல் ஒளிந்துகொண்டாய். சாமி கும்பிட வைத்திருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு அவர் ஓடிய ஓட்டத்தை நான் பார்த்தேன். விளையாட்டு என்று தெரிந்தும் ஓடினார். உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர் பூஜை முடிகிறவரை உன்னைக் கீழே இறக்கவில்லை.

டேவிட் வருகிறவரை பனி கிடந்தால் கிடக்கட்டும். ஆபீஸ் எங்கும் ஓடிவிடாது. அதையும் மீறி, ஏதோ அவசரம், வெளியே இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், செல்வியை எழுப்பி ஜன்னலில் நிற்கச் சொல். அவளையும் எழுப்ப மனசு வரவில்லை என்றால் எனக்குப் போன் போடு. உனக்கு விடியும் நேரம் எனக்குச் சாயங்காலம், கம்பெனி வண்டியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள், நான் வாசலில் நின்று கடைசி ஆள் வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். உன் அப்பா விட்டுப்போன வேலை, அதை நான் விடவில்லை. எல்லோரும் ஏறிய பிறகு, அங்கே இல்லாத உன் பெயரையும் ஒரு தரம் மனசுக்குள் கூப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொல்கிறேன். இத்தனை வருஷமாக அதற்கு மட்டும் பதில் வருவதில்லை. நீ போனை எடுத்து, வேறு ஒன்றும் பேச வேண்டாம், "இருக்கேம்மா" என்று மட்டும் சொல்.